உன் பிள்ளை தன் கையால் சாப்பிடட்டும்

தம்பி,

கெமாஸிலிருந்து நீ போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு தடவை படித்தேன். மருமகளும் பேரனும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்தே வலது கை சரியாக வராத உன் மகனை வாரம் இரண்டு நாள் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார்களாம். அங்கே அவனுக்கு இடது கையால் சாப்பிடவும் சட்டை போடவும் பல் விளக்கவும் பழக்குவார்களாம். நீ முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாயாம். 'அம்மா உங்களுக்கு ஊட்டிவிட்டதை என் கண்ணால் பார்த்தவன் நான். என் பிள்ளைக்கு நான் இருக்கிறவரை நான் ஊட்டுவேன்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரியவே வேண்டாம் என்று இத்தனை வருஷம் நான் மூடி வைத்திருந்த ஒன்றைச் சொல்லாமல் அதற்குப் பதில் எழுத முடியாது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இடது கை எழுத்து, மூன்று நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் கை போன கதை உனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் மலாயாவில் அவசரகாலம் போட்டிருந்த நாளில் பெடாஸ் ரோட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்து லோரியை நோக்கி யாரோ சுட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளா, அவர்களைத் தேடிப் போன பட்டாளமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. டிரைவர் பயத்தில் ஒடித்த ஒடிப்பில் லோரி வாய்க்காலுக்குள் சாய்ந்தது. என் மேல் குண்டு படவில்லை, லோரியின் பக்கப் பலகை தோளில் விழுந்தது. தோளிலிருந்து விரல்வரைக்கும் போகிற நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். கை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கொசு கடித்தால்கூடத் தெரியாது. அதற்கு முன் நான் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் அறுபது பேர் என் வாயைப் பார்த்து நிற்பார்கள், நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. எனக்கு எவ்வளவு திமிர் இருந்தது என்பதை உன் அம்மா பாக்கியம் உயிரோடு இருந்தால் உனக்குச் சொல்லியிருப்பாள். நீ அப்போது பாரோயில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை, ஊரடங்கு. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாலே பெரிது. அதனால் நீ பார்த்தது கொஞ்சம்தான்.

ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கிடந்தேன். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரி அம்மா ஒருவர், மிஸ்ஸி என்போம், தினமும் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சீமைக்குப் போய் இந்த வைத்தியத்தைப் படித்துவிட்டு வந்தவர் என்று பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான். ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. முதல் நாள் ஒரு தட்டு நிறையப் பச்சைப் பயறும் ஒரு காலிப் பால் டின்னும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "இடது கையால ஒவ்வொண்டா எடுத்து டின்னுக்குள்ள போடுங்கோ, அண்ணை" என்றார். மண்டோர் பயறு பொறுக்குவதா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. கட்டிலோரத்தில் உட்கார்ந்து, "அண்ணை, அந்தக் கை இனி வராது. வரும் எண்டு சொல்லி உங்களை ஏமாத்த எனக்கு விருப்பமில்ல. காலமை எழும்பினதில இருந்து படுக்கிறவரைக்கும் உங்களுக்கு எத்தினை வேலை இருக்கு எண்டு எண்ணிப் பாருங்கோ. அவ்வளவையும் மற்றக் கைக்குப் பழக்கிறதுதான் என்ர வேலை" என்றார். எண்ணிப் பார்த்தேன். முகம் கழுவுவது, கைலி கட்டுவது, பொத்தான் போடுவது, கதவைத் திறப்பது, தீக்குச்சி உரசுவது. எண்ண எண்ண எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு இத்தனை வேலை செய்கிறான் என்று அதற்கு முன்பு நான் யோசித்ததே இல்லை.

அந்த மூன்று வாரத்தில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இப்போது உனக்கு எழுதுகிறேன், உன் மகனுக்கு உதவும். சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கைலியை இடுப்பில் சுற்றி, அது நழுவாமல் சுவரோடு சாய்ந்து அழுத்திக்கொண்டு ஒரு கையால் செருகலாம். ஈரத் துண்டின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு முறுக்கினால் ஒரு கையாலேயே பிழியலாம். சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு ஓடாது. முதல் முறை நானே சட்டை போட்டு முடிக்க அரைமணி நேரம் ஆனது, பொத்தானும் மாறிப்போயிருந்தது. மிஸ்ஸி சிரிக்காமல், "நல்லாயிருக்கு, நாளைக்குப் பொத்தானையும் பாப்பம்" என்றார். எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன், ஒன்றைத் தவிர. சாப்பாட்டுக்கு மட்டும் நான் கையை நீட்டவில்லை.

ஏன் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. இடது கை எதற்கு இருக்கிற கை என்று நம் வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும் முன்பே தெரியும். வலது கை போன பிறகு எனக்குக் கழுவுவதற்கும் அது ஒன்றுதான். "கழுவுற கையால சோத்தத் தொடச் சொல்றீங்களா மிஸ்ஸி, நான் என்ன மனுசனா மாடா" என்று கேட்டேன். "சவுக்காரம் போட்டுக் கழுவினாப் போதும், அண்ணை. மனம் ஒப்பேல்ல எண்டால் கரண்டி பிடியுங்கோ" என்று, பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிய கரண்டி ஒன்றைக் கொடுத்தார். கரண்டியோடு லயத்துக்குப் போனால் அன்றைக்கே எனக்குத் 'தொர' என்று பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் என்று அதையும் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். நான் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் உன் அம்மா வந்தபோதெல்லாம் ஊட்டினாள். மிஸ்ஸி அவளைத் தனியே கூப்பிட்டு, "அக்கா, நீங்க ஊட்டாதேங்கோ. ரெண்டு நேரம் பசியோட விட்டால் தன்ர பாட்டில சாப்பிடுவார்" என்றாராம். உன் அம்மா அதை என்னிடம் வந்து, "புருசனப் பட்டினி போடச் சொல்றாங்க, என்ன பொம்பளையோ" என்று சொல்லி வருத்தப்பட்டாள். நானும் அவளோடு சேர்ந்து அந்த மிஸ்ஸியைத் திட்டினேன்.

நான் தோட்டத்துக்குத் திரும்பியபோது கூட்டுச் சமையல் வந்திருந்தது. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது என்பதற்காக வீட்டில் யாரும் அரிசி வைத்திருக்கக் கூடாது என்றார்கள். லயத்தில் ஒரு வீட்டிலும் உலை ஏறவில்லை. பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, வெந்த சோறாக ஆளுக்கு அளந்து போட்டார்கள். எங்கள் துரை அதற்கு ஒரு படி மேலே போனார். கொட்டகைக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு வெறும் தட்டோடுதான் வெளியே வர வேண்டும், மிஞ்சியதை வாசலில் இருக்கிற டிரம்மில் கொட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. டிரம்முக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் நிற்பார். காலையில் வெறும் கோப்பி. பகலில் ஒரு மணி நேரம், சாயங்காலம் அரைமணி நேரம். தண்டவாளத் துண்டில் மணி அடித்தால் ஆரம்பம், மறுபடி அடித்தால் முடிந்தது. மரம் சீவப் போகிறவர்கள் ஒரு ரொட்டித் துண்டுகூடக் கொண்டுபோக முடியாது, வேலி வாசலில் பெண்களின் மடியைக்கூடச் சோதித்தார்கள்.

உன் அம்மா விடியும்போது மரம் சீவப் போனால், பால் எடுத்து, நிறுத்து, வாளி கழுவி வருவதற்குள் அந்த ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். எனக்கு மண்டோர் வேலை போய், நாற்றுமேட்டில் மாடு விரட்டுகிற வேலை கொடுத்திருந்தார்கள். மணி அடித்ததும் முதல் ஆளாக நான் சோற்றை வாங்கித் தின்று முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மங்குத் தட்டில் சோற்றை வாங்கி, மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவள் வரும்வரை காத்திருந்தேன். அவள் ஓடி வருவாள். கையைக் கழுவி, தன் சோற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் முன்னால் குந்தி உட்கார்ந்து பிசைய ஆரம்பிப்பாள். "வாயத் தொறங்க. யாரும் பாக்கல" என்பாள். யாராவது அந்தப் பக்கம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். அந்த ஆள் தாண்டிப் போகும்வரை அவள் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பாள். புருஷன் தின்று முடிக்காமல் பொண்டாட்டி நாலு பேர் முன்னால் வாயில் சோறு வைப்பது அப்போது எங்களுக்குள் வழக்கமில்லை. எனக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று நான் சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். நான் சொல்லவில்லை.

என் தட்டு காலியாகும் நேரத்துக்கு மணி அடித்துவிடும். அவள் நாலு வாய் அள்ளித் திணித்துக்கொண்டே எழுந்திருப்பாள். "செப்பாட்லா, கக்கா" என்று கான்ஸ்டபிள் அவசரப்படுத்துவார். அவரும் பாவம், சின்னப் பையன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்வார். அவள் தட்டில் இருந்த மீதிச் சோறு டிரம்முக்குள் போகும். சாயங்காலமும் அதே கதைதான். எத்தனை நாள் என்று கேட்காதே, மாதக் கணக்கு. ஒரு தடவை அவளிடம், "நீ சாப்பிட்டியா" என்று கேட்டேன். "ஆச்சு ஆச்சு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காட்டு வேலை கிடையாது, அதனால் நிதானமாக ஊட்டிவிட்டுப் பிறகு தானும் சாப்பிடுவாள். நீ வந்து பார்த்ததெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான்.

தோட்டத்துப் பெண்கள் அவளை ரொம்பவும் புகழ்ந்தார்கள். "பாக்கியம் மாதிரி பொண்டாட்டி கெடைக்க மண்டோரு குடுத்து வச்சிருக்கணும்லா" என்று அவள் காதுபடவே பேசுவார்கள். அவள் முகம் மலரும், எனக்கும் பெருமையாக இருக்கும். ஊட்டுவதில் அவளுக்கும் ஒரு கௌரவம் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் போதும் நிறுத்து என்று சொல்ல வேண்டியவன் நான். என் வெட்கத்தை அவள் வயிற்றில் கட்டிவிட்டு நான் தெம்பாக இருந்தேன். அந்த நாட்களில் என் உடம்பு தேறிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

உனக்குப் பின் இத்தனை வருஷம் கழித்து அவள் அப்போது மாசமாக இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். ஆறாம் மாதத்தில் மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். தோட்டத்து டிரஸர் வந்து அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, "மண்டோரே, ஒடம்புல ரத்தமே இல்ல. இந்தப் பொம்பள ஒழுங்கா சாப்பிடுதா இல்லியா" என்று கேட்டார். தம்பி, நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாப்பிடுதுங்க. எம் பக்கத்துல ஒக்காந்துதான் சாப்பிடுது" என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஆபீஸ் கிராணியிடம் பேசி அவளுக்குத் தனி நேரம் வாங்கிக் கொடுத்திருப்பார். இல்லையென்றால், ஒரு கை நல்லாத்தானே இருக்கு, உனக்கென்ன கேடு என்று என்னை நாலு பேர் முன்னால் ஏசியிருப்பார். அந்த ஏச்சுக்குப் பயந்துதான் பொய் சொன்னேன். டிரஸர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். மறுநாள் பகலில் அவள் வழக்கம்போல ஓடி வந்தாள், நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

எட்டாம் மாதம் வலி கண்டது. பிள்ளை செத்துத்தான் பிறந்தது, பெண் பிள்ளை. அதற்குப் பிறகு போன ரத்தம் நிற்கவில்லை. பிரசவத்தில் போய்விட்டாள் என்று உனக்குச் சொன்னோம். அது பொய் இல்லை, பாதி உண்மை. உடம்பில் கொஞ்சம் தெம்பு இருந்திருந்தால் தாங்கியிருக்கும் என்று டிரஸர் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நீ பாரோயிலிருந்து வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "இனி ஒங்களுக்கு யாருப்பா ஊட்டுவாங்க, நான் படிப்ப விட்டுட்டு வந்துடுறேன்" என்று அழுதாய். பதினாலு வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா அது? அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

காரியம் முடிந்து நீ போன மறுநாள், மணி அடித்ததும் கொட்டகைக்குப் போனேன். யாராவது வந்து, நாங்க ஊட்டிவிடுறோம் மண்டோரே என்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை, அவர்களுக்கும் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். சவுக்காரம் வாங்கிக் கையை மூன்று தடவை கழுவினேன். தட்டுக்கு அடியில் ஈரத்துணியை விரித்தேன். இடது கையால் பிசைந்து வாயில் வைத்தேன். பாதி மடியில் சிந்தியது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். கொட்டகையில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் குனிந்து தங்கள் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்கள். எந்தக் கண்களுக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அந்தக் கண்கள் அங்கே இல்லவே இல்லை. சிந்தியும் சிதறியும் தின்று முடித்தபோது மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. எழுந்து போகத் தோன்றவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த மிச்ச நேரம் பாக்கியம் சாப்பிட்டிருக்க வேண்டிய நேரம்.

இதையெல்லாம் உன்னை அழவைக்க எழுதவில்லை. உன் அம்மா ஊட்டியதில் அன்பு இல்லை என்றும் சொல்லவில்லை. அவ்வளவு அன்பு இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் அது போதவில்லை என்று சொல்கிறேன். நீ இருக்கிறவரை ஊட்டுவாய், சரி. நீ ரயிலில் வேலை பார்க்கிறவன், பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. அப்போது ஊட்டுவது மருமகள்தானே? அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று நீ ஒரு நாளாவது கேட்டாயா? பள்ளிக்கூடத்தில் அவனுக்கு யார் ஊட்டுவார்கள்? ஆஸ்பத்திரியில் சொல்கிறபடி கேள். பயறு பொறுக்கச் சொன்னால் பொறுக்கட்டும், களிமண் உருட்டச் சொன்னால் உருட்டட்டும். அது விளையாட்டு இல்லை, அவன் பிழைக்கிற வழி. சிந்தினால் சிந்தட்டும். அரைமணி நேரம் ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார். அதுதான் உனக்குக் கஷ்டமான வேலை, எனக்குத் தெரியும். சாமி படத்துக்கு முன்னால் சாப்பிடும்போது மட்டும் ஊட்டிவிடுகிறேன், கல்யாண வீட்டில் மட்டும் ஊட்டிவிடுகிறேன் என்றும் ஆரம்பிக்காதே. நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் அவன் முதலில் பழக வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன மாதம் நான் கெமாஸுக்கு வந்திருந்தேன் இல்லையா? நீ வேலைக்குப் போயிருந்தாய், மருமகள் கடைக்குப் போயிருந்தாள். பையனுக்குப் பசி வந்துவிட்டது. நான் ஒரு தட்டில் சோறு போட்டு அவன் முன்னால் வைத்தேன், எனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டேன். அவன் என் இடது கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் இடது கையை விட்டான். மூக்கிலும் கன்னத்திலும் அப்பிக்கொண்டு முழுத் தட்டையும் தின்றான், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அதையும் தின்றான். அப்போது வாசலில் உன் சைக்கிள் சத்தம் கேட்டது. அவன் அவசரமாகக் கையைச் சட்டையில் துடைத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். தட்டை என் பக்கம் தள்ளிவிட்டான். நாலு வயசுப் பிள்ளைக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது? நீ உள்ளே வந்து, "பசிக்குதா ஐயா, அப்பா வந்துட்டேன்" என்று அவனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன், அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. அவன் வயிறு முட்டத் தின்றிருந்தான், தம்பி. உனக்காக வாயைத் திறந்தான்.

இப்படிக்கு,
அப்பா